கண்ணைப் பார்த்துப் பேசாத பிள்ளைகள்

(உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளையொட்டி மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆட்டிசம் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டீர்கள். நான் மருத்துவர் இல்லை, உளவியல் படித்தவனும் இல்லை. பள்ளி இடைநிற்றல் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். ஆட்டிசம் எனக்குப் புத்தகம் வழியாக வரவில்லை. என் தம்பி வழியாக வந்தது. அவனிடமிருந்தே தொடங்குகிறேன். அவன் பெயரை மட்டும் சொல்லப் போவதில்லை.

என் தம்பிக்கு அப்போது 16 வயது. தண்ணீர் என்றால் அவனுக்கு உயிர். பம்புசெட் குழாயிலிருந்து தொட்டியில் தண்ணீர் கொட்டுவதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நிற்பான். எங்கள் பக்கத்தில் பம்புசெட் யாரிடம் இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள், அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், சேரியைத் தாண்டி ஊர்க்காரர் ஒருவரின் நிலத்துக்குள் போய் மோட்டார் கொட்டகைப் பக்கம் நின்றிருக்கிறான். நிலத்துக்காரர் வந்து “யார்டா நீ?” என்று கேட்டார். இவன் எங்கோ பார்த்தபடி “யார்டா நீ?” என்றான். “எவன் வீட்டுப் பையன்டா?” என்றார். இவனும் “எவன் வீட்டுப் பையன்டா?” என்றான்.

தென்னை மரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். மோட்டார் ஒயர் திருட வந்தான் என்பது பிறகு சேர்த்துக்கொண்ட காரணம். முதல் அடி அந்த ‘டா’வுக்குத்தான் விழுந்தது.

கேட்டதையே திருப்பிச் சொல்வதற்கு எக்கோலாலியா என்று பெயர். எதிரொலிப் பேச்சு என்று சொல்லலாம். ஆட்டிசம் உள்ள பலரிடம் இது உண்டு. கேள்வியை உள்வாங்க எடுத்துக்கொள்ளும் நேரமாக அது இருக்கலாம். ‘நீங்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது’ என்று காட்டும் வழியாகவும் இருக்கலாம். என் தம்பி அந்த மனிதரோடு பேச முயன்றான். அவர் காதில் அது திமிராக விழுந்தது.

காவல் நிலையத்தில் அறிவுரை எங்களுக்குத்தான் கிடைத்தது. “மூளை சரியில்லாத பையனை வீட்டுல கட்டிப்போட்டு வெச்சுக்கக் கூடாதா?” என்றார்கள். புகார் பதிவாகவில்லை. அப்பா கும்பிட்டுவிட்டுத் தம்பியை அழைத்து வந்தார். அதன்பிறகு ஏறத்தாழ ஒரு வருடம், வேலைக்குப் போகும்போதெல்லாம் அம்மா தன் பழைய புடவையால் அவனை வீட்டுத் தூணோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போனார். நகரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு மனித உரிமை பேசிக்கொண்டிருந்த நான் விடுமுறைக்கு வந்து அம்மாவிடம் சண்டை போட்டேன். அம்மா சொன்ன பதில் இன்றுவரை என்னை விடவில்லை. “நான் கட்டலன்னா அவங்க கட்டுவாங்கடா.”

அதற்குப் பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அவனுக்கு 19 வயதான பிறகுதான் ஒரு மருத்துவர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார். அதுவரை அவனுக்கு இருந்த பெயர்கள்: ஊமை, லூசு, காத்துக் கருப்பு பட்டவன், திருடன்.

சரி, ஆட்டிசம் என்பது என்ன? மூளை வளர்ச்சியில் பிறப்பிலிருந்தே இருக்கும் ஒரு வேறுபாடு. அது தொற்றாது. மருந்து கொடுத்து நீக்கிவிடக்கூடிய நோயும் அல்ல. பிறரோடு பேசிப் பழகும் முறை வேறாக இருக்கும். சில செயல்களைத் திரும்பத் திரும்பச் செய்வது, சில விஷயங்களில் ஆழ்ந்த ஈடுபாடு, அன்றாட ஒழுங்கு மாறினால் கலங்கிப்போவது ஆகியவை இருக்கும். ஒலி, ஒளி, தொடுகை, மணம் எல்லாம் மற்றவர்களைவிட அதிகமாகவோ குறைவாகவோ உறைக்கும். நமக்கு மிக்சி சத்தம் வெறும் சத்தம். என் தம்பிக்கு அது காதுக்குள் ஆணி இறக்குவது. சட்டைக் காலரில் இருக்கும் துணிச்சீட்டு அவன் கழுத்தை நாளெல்லாம் அறுக்கும்.

இதை ஸ்பெக்ட்ரம், நிறமாலை என்கிறார்கள். ஒரு முனையில் ‘லேசானது’, மறுமுனையில் ‘கடுமையானது’ என்று நேர்க்கோடாக நினைத்துவிடாதீர்கள். சரளமாகப் பேசும் ஒருவருக்குப் பேருந்து நிலையத்தின் இரைச்சலில் ஐந்து நிமிடம் நிற்க முடியாமல் போகலாம். ஒரு சொல்கூடப் பேசாத ஒருவர் நாம் பேசுவதையெல்லாம் புரிந்துகொண்டிருக்கலாம். அறிவுசார் குறைபாடு சிலருக்குச் சேர்ந்து இருக்கும், பலருக்கு இருக்காது. பெண் பிள்ளைகள் பலர் மற்றவர்களைப் பார்த்து நடித்துச் சமாளித்துவிடுவதால் கண்டறியப்படாமலே வளர்ந்துவிடுகிறார்கள். ‘அடக்கமான பொண்ணு’ என்று நாம் பாராட்டியவர்களில் எத்தனை பேர் மூச்சுமுட்டிக்கொண்டு இருந்தார்களோ!

இதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1920களில் சோவியத் மருத்துவர் குரூன்யா சுகரேவா இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதினார். உலகம் கவனிக்கவில்லை. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரைதான் பேசப்பட்டது. பிறகு பல ஆண்டுகள் பழி தாய்மார்கள் மீது விழுந்தது. அன்பில்லாத, ‘குளிர்சாதனப் பெட்டி’ போன்ற தாய்களால்தான் இது வருகிறது என்றார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் அதை ஒரு புத்தகமாகவே எழுதிப் புகழ்பெற்றார். அந்தக் கருத்து பொய் என்று அறிவியல் ஒதுக்கிவிட்டது. ஆனால் நம் ஊரில் “அம்மாக்காரி சரியா வளர்க்கல” என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 12 குழந்தைகளை வைத்துத் தடுப்பூசி மீது பழிபோட்டார். வெளியிட்ட ‘லான்செட்’ இதழே 2010இல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவருடைய மருத்துவ உரிமமும் பறிபோனது. தடுப்பூசியால் ஆட்டிசம் வராது. ஸ்டெம் செல் சிகிச்சையால் ஆட்டிசம் போகும் என்பதும் நிரூபிக்கப்படாதது. கடன் வாங்கி அந்தக் கதவைத் தட்டும் பெற்றோரைப் பார்த்தால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

இப்போது சாதிக்கு வருகிறேன். ‘ஆட்டிசத்துக்கும் சாதிக்கும் என்ன தொடர்பு, எல்லாச் சாதியிலும்தானே பிறக்கிறார்கள்’ என்று கேட்கலாம். பிறப்பது எல்லாச் சாதியிலும்தான். பிறந்த பிறகு நடப்பது ஒரே மாதிரி இல்லை.

இந்தியாவில் ஆட்டிசத்தை மதிப்பிட ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற அளவுகோல் இருக்கிறது. 40 கூறுகள் கொண்டது. முதல் கூறே, கண்ணைப் பார்ப்பது குறைவாக இருக்கிறதா என்பதுதான். மருத்துவத்தில் அது தேவையான கேள்வி, நான் மறுக்கவில்லை. ஆனால் கண்ணைப் பார்த்துப் பேசாதே என்று தலைமுறை தலைமுறையாக நமக்குச் சொல்லிக்கொடுத்த சமூகம் இது. ஊர்த்தெருவில் தலையைக் குனிந்து போ, கேட்டால் மட்டும் பதில் சொல், எதிர்த்துப் பேசாதே என்று பழக்கப்படுத்திய ஊரில், ஒரு தலித் பிள்ளை கண்ணைப் பார்க்காமல் மௌனமாக இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? “இந்தப் பசங்களே இப்படித்தான்” என்று விட்டுவிடுவார்கள். என் தம்பியை விட்டுவிட்டார்கள். அதே பிள்ளை நகரத்தில் வசதியான வீட்டில் பிறந்திருந்தால் இரண்டு, மூன்று வயதிலேயே யாராவது கவனித்துச் சொல்லியிருப்பார்கள்.

ஒரே நடத்தைக்கு அந்த வீட்டில் ‘தனித்துவம்’ என்று பெயர். எங்கள் வீட்டில் அதற்கு மக்கு என்று பெயர், தெருவைத் தாண்டினால் திமிர் என்று பெயர். ஏழாம் வகுப்பில் ஒருநாள் தம்பி வெளியே போனான், மறுநாள் வரவில்லை. பள்ளிப் பதிவேட்டில் ‘இடைநின்றவர்’ என்று எழுதினார்கள். என் ஆய்வுக்காகப் பதிவேடுகளைப் புரட்டும்போது அந்தச் சொல்லைப் பார்த்தாலே கை நின்றுவிடுகிறது. அவன் இடைநிற்கவில்லை, நிறுத்தப்பட்டான். கூரையில் கடகடக்கும் மின்விசிறிக்குக் கீழே அவனை உட்கார வைத்து, காதைப் பொத்திக்கொண்டதற்காக அடித்தார்கள். அதுதான் அங்கே நடந்தது.

இரண்டாவது, கர்மம். போன பிறவிப் பாவம் என்ற ஒரே கயிற்றால் நம்மையும் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்துக் கட்டிவைத்த தத்துவம் இது. மனுஸ்மிருதி 9ஆம் அத்தியாயத்தில், பிறவியிலேயே பார்வையற்றவர், காது கேளாதவர், பேச இயலாதவர், மனநலம் குன்றியவர் ஆகியோருக்குச் சொத்தில் பங்கில்லை என்கிறது. 11ஆம் அத்தியாயம் இந்தக் குறைபாடுகளை முன்வினையின் விளைவு என்கிறது. ‘நீ இந்தச் சாதியில் பிறந்தது உன் வினை’ என்பதும் ‘உன் பிள்ளை இப்படிப் பிறந்தது உன் வினை’ என்பதும் ஒரே வாயிலிருந்து வரும் பேச்சு. முதலாவதைக் கேட்டால் கொதிக்கும் நம் வீடுகளில்கூட இரண்டாவதை நம்பிப் பரிகாரத்துக்கு அலைகிறார்கள். எங்கள் அம்மாவும் அலைந்தார்.

மூன்றாவது, அகமணம். சாதியின் சாரமே அகமணம்தான் என்று 1916இலேயே அம்பேத்கர் எழுதினார். சாதிக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சந்தையில் ‘ரத்தம் சுத்தமா’ என்பதுதானே முதல் விசாரணை? அந்த விசாரணைக்குப் பயந்துதான் பிள்ளைகளை மறைக்கிறார்கள். “வெளியே தெரிஞ்சா அக்காவுக்கு வரன் வராது” என்ற ஒரு வாக்கியத்தால் வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போன பிள்ளைகள் எல்லாச் சாதியிலும் உண்டு. ஆதிக்கச் சாதி வீடுகளில் இந்தப் பயம் இன்னும் கடுமையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சாதித் தூய்மை அடுத்தவரை மட்டும் கொல்வதில்லை, தன் வீட்டுப் பிள்ளையையும் இருட்டறையில் வைக்கும்.

எண்ணிக்கையைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள்தொகையில் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரிடம் அது 2.45 விழுக்காடு. ஆனால் அந்தக் கணக்கெடுப்பில் 8 வகைகள்தான் இருந்தன. ஆட்டிசத்துக்குத் தனி இடம் இல்லை. சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டும் என்று நாம் கேட்டது எண்ணப்படாதவருக்குப் பங்கு கிடைக்காது என்பதால்தான். அதே நியாயம் இங்கேயும் பொருந்தும்.

சட்டத்தில் இடம் கிடைத்ததே தாமதமாகத்தான். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. 2016 உரிமைகள் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் சேர்ந்தது. அந்தச் சட்டப்படி 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று பெற்றவர்களுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை உண்டு, உயர்கல்வியில் 5 விழுக்காடு இடம் உண்டு. அரசு வேலையில் மொத்தம் 4 விழுக்காடு. அதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாருக்கும் சேர்த்து 1 விழுக்காடு.

தாளில் இவ்வளவு இருக்கிறது. தாளுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே மருத்துவச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. மருத்துவக் குழு உட்காரும் நாளுக்குப் போக வேண்டும். கூட்டத்தில், சத்தத்தில், பல மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும். கூட்டத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாது என்பதை நிரூபிக்க, கூட்டத்திலும் சத்தத்திலும் நிற்க வேண்டும்! அட்டை கைக்கு வருவதற்குள் அம்மா 6 நாள் கூலியை இழந்தார். தனியார் மையத்தில் ஒரு மணி நேரப் பயிற்சிக்குக் கேட்ட கட்டணம் அவருடைய இரண்டு நாள் கூலி. ஒருமுறை போனோம், அதோடு விட்டுவிட்டோம்.

ஆனாலும் இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் தெருவில் சொல்லுங்கள். குழந்தைக்குச் சந்தேகம் வந்தால் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் கேட்கலாம். அவர்கள் மாவட்டத்தில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பள்ளி வயதுப் பிள்ளை என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான ஒன்றிய அரசு நிறுவனம் இருக்கிறது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவு பெறலாம். விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த ஒரு மாணவர், பத்துக் குடும்பங்களுக்கு இதைச் செய்துகொடுக்க முடியும்.

இப்போது மறுபடியும் அந்தத் தென்னை மரத்துக்கு வருகிறேன்.

2018 பிப்ரவரியில் கேரளத்தின் அட்டப்பாடியில் மது என்ற பழங்குடி இளைஞரை, உணவுப் பொருள் திருடினார் என்று சொல்லிக் கைகளைக் கட்டி அடித்தார்கள். அதைக் கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டார்கள். மது இறந்துபோனார். அவருக்கு மனநலப் பாதிப்பு இருந்ததாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். 2023இல் 14 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 13 பேருக்கு 7 ஆண்டு சிறை. மதுவுக்கு இருந்தது ஆட்டிசம் என்று நான் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு எதிர்பார்த்த பதிலை எதிர்பார்த்த பணிவோடு சொல்லத் தெரியாத ஓர் உடல், அது எந்தச் சாதி உடல் என்பதைப் பொறுத்து ஆபத்துக்குள்ளாகிறது என்று சொல்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்த இரவு நான் தம்பி பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன்.

2021இல் உச்ச நீதிமன்றம், பார்வையற்ற ஒரு பட்டியல் சாதிப் பெண் பாலியல் வன்முறைக்கு ஆளான வழக்கில், சாதியும் பாலினமும் குறைபாடும் ஒன்றையொன்று எப்படிக் கூட்டுகின்றன என்று விரிவாகப் பேசியது. வாழ்நாள் தண்டனையை உறுதி செய்தது. ஆனால் சாதியின் காரணமாகத்தான் குற்றம் நடந்தது என்பதற்குச் சான்று இல்லையென்று வன்கொடுமைச் சட்டப் பிரிவை விலக்கிவிட்டது. இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. புகார் எழுதும்போதே இரண்டையும் எழுத வேண்டும். 2016 சட்டத்தின் 92ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளியைப் பொதுவெளியில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டுவரை சிறை என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தோடு இந்தப் பிரிவையும் சேர்த்துக் கேளுங்கள். அன்று இது எங்களுக்குத் தெரியாது.

2012இல் டேமியன் மில்டன் என்ற ஆட்டிச ஆய்வாளர், தானும் ஆட்டிசம் உள்ளவர், ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை என்கிறீர்களே, மற்றவர்களுக்கு மட்டும் இவரைப் புரிந்துகொள்ளத் தெரிகிறதா என்று கேட்டார். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. அந்த நிலத்தில் நின்ற இருவருக்குமே மற்றவர் சொன்னது புரியவில்லை. அடி வாங்கியது ஒருவன்.

அடுத்து நம்மைப் பற்றி. நம் பக்கத்தில் ஆட்டிசம் பற்றி நல்லெண்ணத்தோடு பேசுகிறவர்கள் உடனே ஐன்ஸ்டீனை இழுக்கிறார்கள். ‘அவர்களுக்குள் அபார திறமை இருக்கும்’ என்கிறார்கள். 1988இல் வந்த ‘ரெயின் மேன்’ படத்திலிருந்தே இந்தப் பேச்சுதான். தோழர்களே, திறமையைக் காட்டினால்தான் மரியாதை என்ற வாதத்தை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? ‘தகுதி, திறமை’ என்று சொல்லித்தானே இடஒதுக்கீட்டை எதிர்க்கிறார்கள்? அந்த அளவுகோலை நமக்கு எதிராகத் தூக்கினால் உடைக்கிறோம், என் தம்பிக்கு எதிராகத் தூக்கினால் நாமே பிடித்துக்கொள்கிறோம்.

அந்த அளவுகோல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. வியன்னாவின் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் ஆட்டிசக் குழந்தைகள் பற்றி எழுதினார். அவர்களில் சிலருடைய சிறப்புத் திறனைப் போற்றினார். அதே மருத்துவர், ‘தேறாதவர்கள்’ என்று கருதிய குழந்தைகளை நாஜிகளின் ஸ்பீகல்கிரண்ட் மனைக்கு அனுப்பப் பரிந்துரைத்தார் என்பதை ஹெர்விக் செக் என்ற வரலாற்றாய்வாளர் 2018இல் ஆவணங்களோடு வெளியிட்டார். அந்த இடத்தில் ஏறத்தாழ 800 குழந்தைகள் இறந்தார்கள். பயன்படுகிறவன், பயன்படாதவன் என்று மனிதரைத் தரம் பிரித்து ஏணி கட்டுவதுதான் இதன் வேர். படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதைப் படித்த நமக்கு ஏணியைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிய வேண்டும். என் தம்பிக்கு எந்த அபார திறமையும் இல்லை. கணக்கு வராது, ஓவியம் வராது. அவன் மனிதன். சுயமரியாதைக்கு அது போதும் என்றுதான் நாம் படித்திருக்கிறோம்.

இன்னொன்று, நம் மொழி. எதிரணியைத் திட்ட ‘மென்டல்’, ‘லூசு’ என்கிறோம். இப்போது மீம்களில் ‘ஆட்டிசம்’ என்பதே வசையாகிவிட்டது. சாதிப் பெயரை வசையாக்கினால் என்ன வலிக்கும் என்று தெரிந்தவர்கள் இதைச் செய்யலாமா? நம் கூட்டங்களையும் பாருங்கள். நான்கு பக்கமும் ஒலிபெருக்கி, கண்ணைக் கூசும் விளக்கு, எப்போது தொடங்கும் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. தம்பியைக் கூட்டிக்கொண்டு அம்மா ஒரு நினைவேந்தலுக்குக்கூட வர முடிந்ததில்லை. ஓரமாக ஓர் அமைதியான அறை, நிகழ்ச்சி நிரலில் நேரம், சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பது. இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

ஆட்டிசம் உள்ள ஒருவரோடு பழகும்போது என்ன செய்யலாம்? சுருக்கமாக, நேராகப் பேசுங்கள். குத்தலும் ஜாடையும் வேண்டாம். கேட்டுவிட்டுக் காத்திருங்கள், பத்து நொடி கழித்தும் பதில் வரலாம். கண்ணைப் பார் என்று முகத்தைத் திருப்பாதீர்கள். கேட்காமல் தொடாதீர்கள். கையை ஆட்டுவதையும் உடலை ஆட்டுவதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள், அது அவர்கள் தங்களை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி. கத்தி அழுது நிலைகுலைந்தால் அது அடம் இல்லை, தாங்க முடியாமல் உடைவது. கூட்டம் போடாமல், சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறைத்துவிட்டு விலகி நில்லுங்கள். பேச்சு வராதவருக்குப் படம் காட்டிப் பேசலாம். எங்கள் வீட்டில் பழைய காலண்டர் அட்டையை வெட்டிச் செய்த 12 படங்கள் இருக்கின்றன: சாப்பாடு, தண்ணீர், தலைவலி, வெளியே, போதும். முதல்முறை அவன் ‘போதும்’ அட்டையை என் கையில் வைத்த நாளில், 20 வருடங்களாக எத்தனை முறை அவன் ‘போதும்’ என்று சொல்லியும் எங்களுக்குக் கேட்கவில்லை என்று புரிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் குடும்பத்தோடு இருங்கள். ஒரு தாயால் மட்டும் முடியாது. தெருவால் முடியும். எங்கள் சேரியை நான் புனிதமாக்கவில்லை, அவனைக் கல்லால் அடித்த பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள். ஆனால் என்ன விஷயம் என்று நானும் அம்மாவும் வீடு வீடாகப் போய்ச் சொன்ன பிறகு தெரு மாறியது. எல்லை தாண்டிப் போனால் கூட்டிவர நாலு இளைஞர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். அவன் சட்டைப் பையில் பெயரும் அலைபேசி எண்ணும் எழுதிய அட்டை இருக்கிறது. காலனியின் மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடும் அண்ணன், ஒருநாள் “தண்ணிதானேப்பா அவனுக்குப் புடிக்கும், எங்கூட வரட்டும்” என்றார்.

இப்போது தம்பிக்கு 25 வயது. தினமும் காலை 6 மணிக்கு அவன்தான் பொத்தானை அழுத்துகிறான். தொட்டி நிரம்பும் சத்தத்தைச் சுவரில் காதை வைத்துக் கேட்கிறான். சிலநாள் நிறுத்தவிடாமல் தகராறு செய்து தொட்டி வழிந்து தெருவெல்லாம் தண்ணீராகும். திட்டுவார்கள். மறுநாளும் அவனைக் கூப்பிடுவார்கள்.

அம்மாவின் அந்தப் பழைய புடவை இன்னும் வீட்டில் இருக்கிறது. இப்போது அது கொடிக்கயிறு.

அவன் ஊர்த்தெருப் பம்புசெட் பக்கம் இன்னும் போக முடியாது. அங்கே போய் நின்று, “யார்டா நீ?” என்று கேட்கிறவருக்கு அதையே திருப்பிச் சொல்லிவிட்டு, அடிபடாமல் அவன் வீடு திரும்பும் நாள் வர வேண்டும். சாதி ஒழிப்பு என்று நாம் சொல்வதில் அந்த நாளும் அடக்கம்.